வேதவல்லியின் கோபக்காரக் குடல்

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் ஹூட்டுக்குள் இருந்தன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் செல்களுக்கு உணவு மாற்றுவதற்கென்று கண்ணாடி முகப்பு வைத்த மேஜை ஒன்று உண்டு. அதைத்தான் ஹூட் என்போம். அதற்குள் கையை விட்டுவிட்டால் யார் கூப்பிட்டாலும் பாதியில் எடுக்கக் கூடாது. ஸ்டூலின் மேல் கிடந்த என் போன் அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. பிறகு எங்கள் துறைத் தலைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். செருப்பை வாசலில் விடாமல் உள்ளே வந்திருந்தார். அந்த அறைக்குள் அவர் செருப்போடு வந்து நான் பார்த்ததே இல்லை.

"வேதா போயிடிச்சம்மா. வேலூர்லேர்ந்து இப்பதான் சொன்னாங்க" என்றார்.

நான் உணவு மாற்றிக்கொண்டிருந்தது வேதவல்லியின் செல்களுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவற்றை என் பொறுப்பில் விட்டுப் போயிருந்தாள். பாதித் தட்டு முடிந்திருந்தது. மீதிப் பாதியையும் முடித்தேன். தட்டை மூடி இன்குபேட்டரில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுத் திரும்பினால், சார் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். எனக்கு முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். நான் செத்தால் இவர் இப்படி அழுவாரா? மாட்டார். வருத்தப்படுவார், பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு சித்தூருக்கு வருவார், வந்த இடத்தில் வெயிலைப் பற்றிப் பேசுவார். அந்த நேரத்திலும் எனக்கு அவள் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

அவளைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உழைப்பாளி, சிரித்த முகம், எந்த நோயாளியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்றெல்லாம் நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து மேஜையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் பொறாமை அவளுக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமில்லை, அதை அவள் ரசித்தாள். நான் சித்தூர்க்காரி என்பதால் என்னை 'சித்தூரு' என்றுதான் கூப்பிடுவாள். "நீ பொறாமப்பட்டுக்கினே இரு சித்தூரு. நீ நிறுத்திட்டன்னா நான் சோம்பேறியாப் பூடுவேன்" என்பாள். அவளை 'அவர்' என்று எழுதினால் இந்த மேஜைக்கே சிரிப்பு வந்துவிடும். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் திருப்பதியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என் அப்பா சித்தூரில் பேங்க் குமாஸ்தா. அவளுடைய நைனா நாகலாபுரத்தில் பிறர் நிலத்தில் கரும்பு வெட்டி, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். யார் வந்து கேட்டாலும் சார் அவளுடைய கதையைச் சொல்வார். கரும்புக் கொல்லையிலிருந்து நுண்ணோக்கி வரைக்கும் வந்த பெண் என்பார். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். என் பக்கம் திரும்பி, "இவங்க சித்தூரு" என்று முடித்துவிடுவார். பேங்க் குமாஸ்தாவின் மகளுக்குக் கதை ஏது? அவளைப் போலவே நானும்தான் ராப்பகலாகப் படித்தேன் என்று சொல்லத் தோன்றும். சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிடுவேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் கதவுக்கு அருகில் இருக்கும் மேஜையைக் கேட்டு வாங்கினாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்குப் பெருங்கொடல்ல புண்ணு. அவசரம்னா அவசரம்தான். பாத்ரூம் பக்கமா இருந்தா ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றாள். கல்லூரியில் படிக்கும்போதே வந்த நோய். கிருமி எதுவும் இல்லாமலே குடல் தானாகக் கொதித்துக்கொண்டிருக்கும் நோய். ரத்தம் போகும், சில மாதம் அடங்கும், மறுபடியும் கிளம்பும். அவளும் நானும் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியும் அதே விஷயம்தான். குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் கிருமியைத் தொட்டதும் எப்படி ஒன்றுக்கொன்று சேதி சொல்கின்றன, அந்தச் சேதி ஏன் சிலருக்கு மட்டும் ஓயாமல் போகிறது என்பது.

நோயின் மேலுமா பொறாமை என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். வலியின் மேல் இல்லை. அந்த வலி அவளுடைய கேள்விகளுக்கு வாங்கிக் கொடுத்த மரியாதையின் மேல். கருத்தரங்கில் நான் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். அவள் கேட்டால் மேடையில் இருப்பவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அவளுக்கு இந்த ஆராய்ச்சி உயிர்ப் பிரச்சினை. எனக்கு இது வேலை. நன்றாகச் செய்கிற வேலைதான், ஆனாலும் வேலை. அந்த வித்தியாசத்தை எவ்வளவு படித்தும் என்னால் ஈடுகட்ட முடியவில்லை.

குடல் நோயாளிகளின் கூட்டம் ஒன்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு மறக்காது. செல்லுக்குள் சேதி போகும் பாதையை விளக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு படம் தயாரித்திருந்தேன். செல்லின் மேல் கிருமியைப் பிடிக்கும் ஏற்பி, அதற்குக் கீழே ஒன்றையொன்று தட்டி எழுப்பும் புரதங்கள், பூட்டி வைக்கப்பட்ட ஒரு புரதம், பூட்டு உடைந்ததும் அது உட்கருவுக்குள் போய் அழற்சியைத் தொடங்கிவைப்பது. எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறத்தில் அம்புக்குறி. பாதியிலேயே முன்வரிசையில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தூங்கிவிட்டார். வேதா எழுந்தாள். தமிழில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் பேசினாள்.

"நம்ம ஊர்ல மாடு அவுத்துக்கினு பூந்திச்சின்னா இன்னா ஆவும்? மொத வூட்டுக்காரி பாத்துட்டுக் கத்துவா. அத்தக் கேட்டு அடுத்த வூட்டுக்காரி கத்துவா. தெருவே கத்தும். கடைசி வூட்டு ஆம்பள கட்டய எத்துக்கினு ஓடியாருவான். மாட்டப் புடிச்சிக் கட்னதும் எல்லாரும் வாய மூடணும் இல்ல? நம்ம கொடல்ல மாட்டக் கட்டி வருசமாச்சு. இவளுங்க இன்னும் கத்திக்கினே கீறாளுங்க. கட்டய எத்துக்கினு வந்தவன் மாடு இல்லன்னு நம்ம வூட்டுச் சொவத்தையே அடிச்சிக்கினு கீறான்."

ஆட்டோக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "அப்ப மொத வூட்டுக்காரி வாய அடச்சிடலாமே" என்றார். "அடச்சிடலாம். அப்பறம் நெஜமாவே மாடு வந்தா யாரும்மா சொல்றது?" என்றாள் வேதா. அழற்சியை அடக்கினால் தொற்று உள்ளே நுழைந்துவிடும் என்பதுதான் எங்கள் துறையின் பெரிய சிக்கல். அதற்காக நான் வைத்திருந்த நான்கு படங்களை மூடிவைத்தேன். வீட்டுக்குப் போய், யாரும் பார்க்காதபோது மாட்டுக் கதையை நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது வரவில்லை. என் மாடு தெருவுக்குள் நுழையும்போதே செத்துப்போயிருந்தது.

பிறகு அவள் தன் குடலையே கொண்டுவந்தாள். அவளுக்கு அவ்வப்போது குடலில் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். அப்போது கிள்ளி எடுக்கும் துணுக்கிலிருந்து செல்களைப் பிரித்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கலாம். வளர்ந்தால் அவை கடுகு மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைகளாகும். ஒவ்வோர் உருண்டையும் ஒரு குட்டிக் குடல். ஆராய்ச்சி செய்பவளே தன் சதையைத் தரலாமா என்று நெறிமுறைக் குழு யோசித்தது. கடைசியில், பெயர் போடக் கூடாது, எண் மட்டும்தான் என்று அனுமதி கொடுத்தது. எந்த எண் யாருடையது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் அதை எண்ணாகக் கூடச் சொல்ல மாட்டாள். "என் சனியனுக்குச் சோறு போட்டுட்டு வந்துடறேன்" என்பாள். அதற்குப் போட்ட பிறகுதான் தன் டிபன் பாக்ஸைத் திறப்பாள். "அது துன்னாம நான் துன்னா எனக்கு வவுத்த வலிக்கும்" என்று ஒரு நொண்டிச் சாக்கு வேறு.

அவள் கையில் அவை தளதளவென்று வளர்ந்தன. செல்களுக்கு உணவாகிற அதே மீடியம், அதே இன்குபேட்டர், அதே நாள், வேறு ஒரு நோயாளியின் துணுக்கை வைத்து நான் வளர்த்தவை கறுத்துச் சுருங்கின. மறுபடி போட்டேன், மறுபடியும் சுருங்கின. என் முறையில் தப்பு எதுவும் இல்லை என்று சாரே பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னார். அது ஆறுதலா என்ன? தப்பு இருந்திருந்தால் திருத்தியாவது இருப்பேன். "ஒன் கை சூடு சித்தூரு. கொஞ்சம் மெதுவாத்தான் வுடேன்" என்பாள். அவளைப் பார்த்து மெதுவாகவும் விட்டுப் பார்த்தேன்.

இப்போது மஞ்சள் கதைக்கு வருகிறேன். இதை நீங்கள் எல்லோரும் அவளுடைய கதையாகச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் என்னுடையதும்தான்.

இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றின் நீராகாரத்திலிருந்து ஒரு நல்ல பாக்டீரியாவை அவள் பிரித்தெடுத்திருந்தாள். அது விடும் திரவம் கத்துகிற செல்களை அமைதிப்படுத்துமா என்பதுதான் கேள்வி. செல்களுக்குக் கிருமியின் மேலோட்டுத் துணுக்கைக் கொடுத்துச் சீண்டுவோம். அவை அழற்சிச் சேதியை வெளியே விடும். அந்தச் சேதியை ஒரு தட்டின் குழிகளில் நிறமாக்கிப் பார்ப்போம். கோபம் கூடினால் குழி அடர் மஞ்சள், குறைந்தால் வெளிர் மஞ்சள். அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அவள் தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். வெறுமனே சீண்டிய குழிகள் எல்லாம் அடர் மஞ்சள். பாக்டீரியாவின் திரவம் சேர்த்த குழிகள் எல்லாம் வெளிறிக் கிடந்தன. அவளுடைய சொந்தக் குடல் அடங்கியிருந்தது.

மறுபடி செய்தாள். மறுபடியும் வெளிறின. சார் ஓடி வந்தார். "ஏமம்மா, நிஜமேனா?" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தார். லட்டு வந்தது. வேதா மலையடிவாரத்தில் இருக்கும் அலிபிரிக்குப் போய்க் கும்பிட்டு, இது நிலைத்தால் திருமலைக்குப் படியேறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். குடல் புண்ணோடு படியேறுவது சின்ன விஷயமில்லை. நானும் லட்டு தின்றேன். இனிப்பாக இருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அவள் எப்படிச் செய்தாள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். சந்தேகம் என்று சொல்லிக்கொண்டேன். பொறாமைதான் என் கண்ணைத் திறந்து வைத்தது. குளிர்ப்பெட்டியில் அவளுடைய மீடியம் பாட்டில் இரண்டு இருந்தன. ஒன்று பழையது, தீரப் போவது. இன்னொன்று பூஜைக்கு முதல் நாள் எடுத்த புதியது. புதியதன் மூடியில் மஞ்சள் பொட்டின் மிச்சமும், கழுத்து வரைக்கும் வழிந்த ஒரு மஞ்சள் கோடும் இருந்தன.

ஆயுத பூஜைக்கு நாங்கள் நுண்ணோக்கி முதல் இன்குபேட்டர் வரை எல்லாவற்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைப்போம். உங்கள் கூடங்களிலும் அப்படித்தான். ஆனால் மீடியம் பாட்டிலுக்கு யாரும் வைப்பதில்லை. வேதா வைத்திருந்தாள். கேட்டபோது, "மிசினுக்கெல்லாம் பொட்டு. சோறு போடற பாட்டிலுக்கு இல்லியா?" என்றாள். ஹூட்டுக்குள் எதைக் கொண்டுபோனாலும் மேலே ஸ்பிரிட் அடித்துத் துடைக்க வேண்டும் என்பது விதி. அவள் விதிப்படி அடித்தாள். ஒவ்வொரு தடவையும் அடித்தாள். மஞ்சள் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். செல்களின் அழற்சியை அடக்கும் குணமும் அதற்கு உண்டு. கரைந்தது மூடியின் மரை வழியாக மெல்ல உள்ளே இறங்கியிருக்கிறது. பழைய பாட்டில் தீரப்போகிறதே என்று, வெறுமனே சீண்டிய குழிகளுக்கு அதையும், திரவம் சேர்த்த குழிகளுக்குப் புதிய பாட்டிலையும் பயன்படுத்தியிருந்தாள். இரண்டுக்கும் ஒரே பாட்டில் என்பதுதான் முதலில் நாங்கள் கற்கும் பாடம்.

நான் ஒரு தட்டு போட்டேன். பாக்டீரியாவின் திரவமே இல்லாமல், ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சளை மட்டும் துளி விட்டுச் சில குழிகள். வெறும் ஸ்பிரிட் விட்டுச் சில. சுத்தமான புதுப் பாட்டிலோடு அவளுடைய திரவம் சேர்த்துச் சில. மஞ்சள் விட்டவை மட்டும் வெளிறின. மற்ற எல்லாம் அடர்ந்து நின்றன. நான் செய்ததிலேயே சுத்தமான பரிசோதனை அதுதான். அந்தத் தட்டை அவளிடம் தனியாகக் காட்டினேன். அதை விளக்குக்கு நேராகப் பிடித்துக் குழி குழியாகப் பார்த்தாள். பிறகு, "நீ சொல்றியா, நானே சொல்லட்டா?" என்றாள்.

"நீயே சொல்லு" என்றேன். அவள் தலைகுனிந்து நிற்பாள், கூடமே என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் அந்தப் பாட்டிலைச் சாமி படத்தைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், நாம கண்டுபுடிச்சது பழைய சோத்துத் தண்ணி இல்ல. ஆயுத பூஜ" என்றாள். பொட்டைக் காட்டினாள், கோட்டைக் காட்டினாள், தான் ஸ்பிரிட் அடித்த மாதிரியே அடித்துக் காட்டினாள். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "அப்ப மஞ்சளே மருந்துதானே மேடம்" என்றார். "தெனம் கொழம்புல மஞ்சளு துன்னுக்கினுதான் கீறேன். எனக்கு ஏன் சார் நிக்கல? தட்டுல வுடறது வேற, துன்னு கொடலுக்குப் போய்ச் சேர்றது வேற" என்றாள். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. "கண்டுபுடிச்சது நான் இல்ல, சித்தூரு" என்றும் சொன்னாள். எல்லோரும் என் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டு மறுபடியும் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தப்பு செய்தவளுக்குக் கைதட்டல். சரியாகச் செய்தவளுக்குத் தலையசைப்பு. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் என் குடலை எடுத்துப் போட்டிருந்தால் எந்தத் தட்டும் தாங்கியிருக்காது.

அன்று மாலை அவள் என்னை அலிபிரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரிசல்ட் போய்விட்டதால் வேண்டுதல் பாக்கி இல்லை, ஆனாலும் சாமியிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றாள். முதல் படிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரு பெண் படிக்குப் படி குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து வேதா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணியது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீ செஞ்சது கரெக்ட்டுதான் சித்தூரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த ஒரு வாரம் எனக்கு வவுத்து வலியே இல்லடி. நெஜமாவே இல்ல. நல்லாப் பூட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நான் எதையும் உடம்பால் நம்பியதில்லை. எண்களைத்தான் நம்பியிருக்கிறேன். ஒரு தட்டின் நிறத்தைப் பார்த்து ஒரு வாரம் வலி மறந்து இருந்தவளின் மேல் அப்போதும் பொறாமை வந்தது. கூடவே, நான் தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் வந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி வா, பசிக்குது. நாளைக்கு வேற ஒண்ணு போட்டுப் பாக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ போட்டுப் பார்த்தோம். சில கொஞ்சம் அடக்கின, ஆனால் கிருமியையும் சேர்த்து உள்ளே விட்டன. சில தட்டில் அடக்கின, வேறு நோயாளியின் செல்லில் ஒன்றும் செய்யவில்லை. வருடங்கள் போயின. பல காலம் ஓயாமல் கொதித்த குடலில் புற்று வரலாம் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்த பாடம். அதை நாங்கள் எத்தனையோ வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு வந்தபோது பாடம் மாதிரி இல்லை.

வேலூருக்குக் கிளம்பும் முன் தட்டுகளை என் கையில் கொடுத்தாள். மெலிந்த கையில் வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. "என் சனியன ஒங்கிட்ட வுட்டுட்டுப் போறேன். சாவடிச்சிடாத" என்றாள். "என் கையில எது பொழச்சிருக்குது?" என்றேன். "இது பொழைக்கும். ஒம்மேல இருக்கற கோவத்துல பொழைக்கும்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் நேரில் சொன்ன கடைசிப் பேச்சு.

நாகலாபுரத்தில் காரியம் முடிந்த மறுவாரம் அவளுடைய நைனா பஸ் ஏறி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு, "இங்க பாப்பாவோடது ஏதோ இன்னும் உசுரோட கீதாமே. மெய்தானாம்மா?" என்று கேட்டார்.

உறவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் ஒரு பங்கு எரியாமல் திருப்பதியில் இருந்தால் காரியம் எப்படி முடிந்ததாகும், அதையும் வாங்கி வந்து கரைத்துவிடு என்று. அவர் அதற்குத்தான் வந்திருந்தார். பையில் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு கூட இருந்தது.

வேதா இருந்திருந்தால் இரண்டு வரியில் அவருக்குப் புரிய வைத்திருப்பாள். இதற்கும் அவளையே தேட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம் வந்தது. நான் ஒரு தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். தலையைப் பிடித்துச் சரியாக வைத்தேன்.

"உருண்ட உருண்டயா கீது."

"ஆமா நைனா."

"இதுல எது பாப்பா?"

"எல்லாமேதான்."

பார்த்துக்கொண்டே இருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். "இதுக்கு வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்காது நைனா. வலி தெரியறதுக்கு நரம்பு வேணும். இதுல அது கெடையாது. சீண்டினா கோவம் மட்டும் வரும்."

"வலி இல்லியே. அது போதும்." நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க ரெண்டு பேரும் இத்த அடக்கத்தான பாத்துக்கினு இருந்தீங்க? பாப்பா சொல்லும். அடங்கிச்சா?"

"இன்னும் அடங்கல நைனா."

அவர் செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடு என்று அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கடைசியில் செம்பை மறுபடி பைக்குள் வைத்தார்.

"கோவத்தோட எத்துக்கினு போயி கரைக்க வாணாம்மா. அது அடங்கற வரைக்கும் ஒங்கிட்டயே இருக்கட்டும். அடங்கினதும் எனக்குச் சொல்லி வுடு. நான் வந்து வாங்கிக்கினு போறேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, உருண்டைகளுக்கு மீடியம் மாற்றினேன்.

வேதாவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் குட்டிக் குடல்கள்தான். அவை என் கையில் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. நான் சீண்டினால் முன்பு போலவே சண்டைக்கு வருகின்றன. அவள் மேஜைக்கு வேறு யாரையும் போட வேண்டாம் என்று சாரிடம் சொல்லியிருக்கிறேன். பொறாமையும் பத்திரமாக இருக்கிறது. செத்த பிறகும் இப்படித் தளதளவென்று வளர யாரால் முடியும்?

என்றைக்காவது ஒரு நாள் நான் போடும் தட்டில் அவளுடைய குழிகள் வெளிறும். பாட்டிலையும் மூடியையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மறுபடி செய்வேன், மறுபடியும் வெளிறும். அவள் ஆயுள் முழுக்கத் தேடியதை நான் பார்த்திருப்பேன். ஒரு வழியாக அவளை முந்தியிருப்பேன். எத்தனை வருட ஆசை அது. இப்போது அந்த நாளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நாகலாபுரத்துக்குப் போன் செய்ய வேண்டும். அவர் செம்போடு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.